தண்ணீர்க் கிண்ணத்தின் முன் உட்கார்ந்த பூனை

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்று வளர்த்தது நான்கு பேர். பெறாமல் வளர்த்த நாய்க்குட்டிகளுக்குக் கணக்குக் கிடையாது. பூனைக்குட்டிகள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பெற்றதுகள் நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் அதுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குட்டிகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை வாசிக்க வரும். அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நந்தினி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் சீர்படுத்தி எழுதுவாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் வாயில் வந்ததை நான் ஏன் அலங்கரிக்க வேண்டும்?

இராஜபாளையம் பக்கம் தலைமுறை தலைமுறையாக நாய் வளர்த்தவர்கள் இப்போது பூனையும் வளர்க்கிறார்கள். நீளமான ரோமமும் சப்பை மூக்குமாக இருக்கும் பெர்சியன் பூனை. வெளியூர்க்காரர்கள் காரில் வந்து வாங்கிப் போகிறார்கள். அந்த ஷெட்டுகளில் தரை கழுவ, குட்டிக்குப் பால் புகட்ட, ரோமம் சீவ என்று வேலைக்கு வந்திருக்கும் பெண்பிள்ளைகள் நீங்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். பால் எப்படிப் புகட்டுவது, சிக்கு எப்படி எடுப்பது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கை தானாகப் படித்துக்கொள்ளும். கைக்கு வராதது ஒன்று இருக்கிறது. குட்டிகள் கொத்துக் கொத்தாகச் சாகும்போது என்ன செய்வது என்பது. பூனைக்குச் செய்வதை மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு நீங்கள் என்ன செய்துகொள்வது என்பதும் அதில் உண்டு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் வட்டாரத்தில் பெரியவர் என்றால் அவரைத்தான் குறிக்கும். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, நாய் ஷெட்டில் தரை கழுவப் போனவளைக் குட்டி பார்க்கிறவளாக ஆக்கியது அவர். நாய்க்குப் பார்வோ வந்தால் ரத்தபேதி ஆகும், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த பேதி வருவதற்கு முன்னாலேயே பெரியவர் ஷெட் வாசலில் நின்று மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு, "மூணாவது கூண்டுக் குட்டியைத் தனியாத் தூக்கு" என்பார். தூக்குவோம். மறுநாள் அது ரத்தமாகப் போகும். நான் பார்த்தவரை நாயில் அந்த மூக்கு தவறியதே இல்லை. டாக்டர்கள்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்கள்.

அவர் எங்களுக்குச் சொல்லிவைத்த ஒன்று: நாய் தண்ணீரிடம் போய், மோந்து பார்த்துவிட்டு, குடிக்காமல் நின்றால் நாயைப் பார்க்காதே, தண்ணீரைப் பார். பாத்திரம் பாசி பிடித்திருக்கும், இல்லையென்றால் சோப்போ மருந்தோ விழுந்திருக்கும். இதை நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாய்க்கு அது சரிதான். பூனையை நாங்கள் எல்லோரும் சின்ன நாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த ஊர்க்காரர்கள் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்திருக்காது.

கடைசியாக நான் வேலை பார்த்த இடத்தில் முன்பக்கம் நாய், பின்பக்கம் பூனை. முதலாளி நாற்பது வயதுக்காரர், தங்கமான மனுசர் என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். நாய்ப் பக்கம் பினாயில் ஊற்றிக் கழுவுவோம். பூனைப் பக்கம் பினாயில் கொண்டுபோகக் கூடாது. பூனை நடந்துவிட்டுக் காலை நக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனையைக் கொன்றுவிடும். அதனால் பூனைப் பக்கத்துக்கு வாளி தனி, துடைப்பம் தனி, வெந்நீர் மட்டும். அந்த ஒழுங்கை அந்த ஷெட்டில் வைத்ததே நான்தான். படுக்கைக்குச் சத்திரப்பட்டியிலிருந்து வரும் பேண்டேஜ் துணிக் கழிவை விரிப்போம். மெத்தென்று இருக்கும், வெந்நீரில் அலசி வெயிலில் போட்டு மறுபடியும் விரிப்போம்.

அந்தக் கோடையில் சேர்க்கைக்காக வெளியூரிலிருந்து ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவந்தார் முதலாளி. சில நாள் இருந்துவிட்டுப் போனது. போகும்போது சாப்பிடவில்லை. வண்டியில் வந்த அலுப்பு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் கதவைத் திறந்தால் நல்ல கொழுத்த குட்டி ஒன்று விறைத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் என் சேலை நுனியைப் பிடித்து விளையாடிய குட்டி. பேதி இல்லை, ரத்தம் இல்லை. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்து தாய்ப் பூனை மஞ்சளாக நுரை நுரையாக வாந்தி எடுத்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் போய்க் குந்தியது. முன்னங்கால்களை மடித்து, தலையைக் கிண்ணத்துக்கு மேலே தொங்கவிட்டு, மோவாய் தண்ணீரில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை, நகரவும் இல்லை. தாகத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தொட்டால் காது ஜில்லென்று இருந்தது.

முதலாளி பெரியவரைக் காரில் கூட்டிவந்தார். அவர் பின்பக்கக் கதவில் நின்று மூக்கை உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பார்வோ வாடை இல்ல. காய்ச்சலும் இல்ல, ஒடம்பு ஜில்லுனு கெடக்கு. இங்க வாடை அடிக்கிறது பினாயிலு" என்றார்.

பினாயில் வாடை முன்பக்கத்திலிருந்து வருகிறது என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. தாய்ப் பூனை குந்தியிருந்ததைக் கைகாட்டினார். "அந்தா பாருங்க முதலாளி. தாகம் இருக்கு. ஆனா மோந்துட்டு மோந்துட்டு விட்டுருது. தண்ணியில என்னமோ கெடக்கு."

தண்ணீர் வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆச்சி, வாளி மாறிப்போச்சா?" என்றார் முதலாளி.

"மாறலை."

"வயசாயிருச்சு, மறந்து எடுத்திருப்பீக."

"நான் வச்ச ஒழுங்கை நானே மறப்பேனா? பினாயில் ஊத்தலை."

"பொறவு எப்பிடிச் சாகுது?"

பிள்ளைகளே, நான் அப்போது செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். குனிந்து அந்தக் கிண்ணத்தை எடுத்தேன். பூனையின் மோவாய் பட்ட தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். "இப்ப சொல்லுங்க, இதுல என்ன கெடந்துச்சு?"

நாய்ப் பக்கத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பெரியவர்தான் பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை, பாடம் சொல்வதுபோலப் பேசினார்.

"ஏட்டி பேச்சி, உனக்கு ஒண்ணும் செய்யாது. பூனைக்குத்தான் செய்யும். அது உனக்கே தெரியும்லா."

தெரியும். அவர் சொன்னது உண்மைதான். மனுசருக்கு ஒன்றும் செய்யாத துளி பூனையைக் கொன்றுவிடும். குடித்துக் காட்டியதால் என் மேல் தப்பில்லை என்று ஆகிவிடவில்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்குச் சொல்லித் திரிய ஒரு கதை கிடைத்தது, அவ்வளவுதான்.

முதலாளி என்னைப் போகச் சொன்னார். இருபது பேர் முன்னால் சொன்னார். போகும்போது கூண்டு ஓரத்தில் ஒரு குட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தது. அதற்கும் ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது.

"இதை நான் டாக்டர்ட்ட கொண்டுபோறேன்" என்றேன்.

"சாகப்போறதுதானே. தூக்கிட்டுப் போங்க" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு வந்த யோசனை ஒன்றுதான். செத்த குட்டிகளைக் குப்பையில் போட்டாயிற்று. தாய்ப் பூனையைத் தரமாட்டார்கள். என் பெயருக்குச் சாட்சி என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு குட்டிதான், அதுவும் எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியாது. ஊரில் இருக்கும் டாக்டர்கள் எல்லோருக்கும் முதலாளியைத் தெரியும், பெரியவரையும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டர் புதிதாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் துணி விரித்துக் குட்டியை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"ஆச்சி, கூடையில என்ன, கோழியா?" என்றார் கண்டக்டர்.

"பூனை."

"பூனைக்கும் டிக்கெட் உண்டு, தெரியும்லா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் உசுரோட வந்தா எடுக்கேன். போங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

டாக்டரம்மாவுக்கு என் கடைசி மகளைவிட வயது குறைவு. குட்டியின் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துவிட்டார். இழுத்த மடிப்பு இறங்காமல் அப்படியே நின்றது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளுத்திருந்தது. வயிற்றில் மெல்ல விரலை வைத்ததும், அதுவரை சத்தம் போடாத குட்டி கத்தியது.

"வீட்டுல வளர்க்கிறதா?"

"இல்ல, ஷெட்டுல. இதுக்கு முன்னாடி மூணு செத்துப்போச்சு. தாய்க்கும் முடியலை."

"வெளியில இருந்து பூனை ஏதும் வந்துச்சா?"

"கடுவன் ஒண்ணு வந்து போச்சு."

"அது நல்லா இருந்துச்சா?"

"போறப்ப தீனி எடுக்கலை."

"தடுப்பூசி?"

"விக்கிறப்ப போட்டுக்கிடலாம்னாக."

அவர் முகம் மாறியது. நான் அதுவரை அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். "டாக்டரம்மா, பினாயில் பட்டிருந்தா இப்பிடி ஆகுமா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

"ஆகும்மா. வாந்தி வரும், உடம்பு குளிரும், செத்தும் போகும். கண்ணால பார்த்து மட்டும் நான் அடிச்சுச் சொல்ல முடியாது. டெஸ்ட் எடுக்கணும்."

குட்டியின் பின்பக்கத்தில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, ஒரு மருந்தில் கலக்கி, விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டையில் சொட்டு விட்டார். நாய்ப் பார்வோவுக்கு வைத்திருக்கும் பட்டைதானாம். பூனைகளுக்கு வரும் ஒரு தொற்றுநோயும் அதுவும் ஒரே குடும்பம் என்பதால் பூனைக்கும் காட்டுமாம். "ஒரு கோடு வந்தா பட்டை வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரெண்டாவது கோடு வந்தா நோய்" என்றார்.

முதல் கோடு உடனே வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. குட்டி என் மடியில் கிடந்தது, நான் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் குட்டிக்கு நோய் வந்துவிடக் கூடாது என்று வேண்டியவள், மடியில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு, கடவுளே இதற்கு நோய் இருக்கட்டும் என்று வேண்டினேன். அப்படி வேண்ட வைத்தவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இரண்டாவது கோடு வந்தது. முதலில் நிழல் மாதிரி, பிறகு அழுத்தமாக.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. இந்தப் பட்டை சில நேரம் நோய் இருந்தும் கோடு காட்டாமல் ஏமாற்றும், புதிதாகத் தடுப்பூசி போட்டிருந்தால் நோய் இல்லாமலும் காட்டும் என்று சொன்னார். அதனால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்த இடத்துல வெள்ளை அணு நிறைய இருக்கணும்மா. தேடித்தான் ஒண்ணு கண்ணுல படுது. நோயை எதிர்த்து நிக்கிற அணு எல்லாம் அழிஞ்சிருச்சு. கோடும் வந்திருக்கு, ரத்தமும் இப்படி இருக்கு, கடுவன் வந்துபோன கதையும் சேருது. இது பினாயில் இல்லை. வைரஸ்."

தண்ணீர்க் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். "அதுதாம்மா இந்த நோயோட அடையாளமே. தாகம் இருக்கும், குமட்டல் குடிக்க விடாது. தண்ணிக்கு மேல தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தே இருக்கும்."

என்னைக் குற்றவாளி ஆக்கியதே நோயின் அடையாளம்தான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா பயந்துபோய் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவரே முதலாளிக்குப் போன் செய்தார். எனக்கும் கேட்கும்படி வைத்தார். மிச்சம் இருக்கும் பூனைகளைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னார், தாய்ப் பூனையை உடனே கொண்டுவரச் சொன்னார், துணியை எல்லாம் எரிக்கச் சொன்னார். "வெந்நீருக்கும் பினாயிலுக்கும் இந்த வைரஸ் சாகாது. பிளீச்சிங் பவுடர்தான். அப்படியே விட்டா ஒரு வருஷம்கூடத் தரையில கிடக்கும்."

முதலாளி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். பிறகு, "டாக்டர், இது வெளிய போகவேண்டாம்" என்றார்.

"இந்த அம்மா மேல நீங்க பழி போட்டிருக்கீங்களே."

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

"எப்படிப் பாத்துக்கிடுவீங்க?"

அவர் மறைக்காமல் சொன்னார். "வைரஸ்னு சொன்னா ஒரு வருஷத்துக்கு என் ஷெட் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான் டாக்டர். பினாயில்னா, ஆளை மாத்திட்டேன்னு சொல்லிட்டுப் போயிரலாம்."

நான் போனை வாங்கவில்லை. வாங்கினால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. குட்டி குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டது. அதன் வேலை முடிந்தது என்பதுபோலப் போய்விட்டது. தூக்கிப் போடக்கூடாது, தெருப்பூனைகளுக்குப் பரவும் என்று டாக்டரம்மாவே வைத்துக்கொண்டார். என் கையிலும் கூடையிலும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் சேலையையும் அதிலேயே முக்கினேன். நீலச் சேலை, அங்கங்கே வெளுத்துப்போயிற்று.

மறுநாள் காலையில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. முதலாளி வியாபாரி, அவருக்கு லாபம் வேண்டும். பெரியவர் அப்படி இல்லை, சொல்லிக்கொடுத்தவர். அவர் குட்டிகளுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு கோடு வந்துருச்சு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "மூக்குல வரலையே பேச்சி."

"பூனை பேதியாகறதுக்கு முன்னாடியே செத்துப்போகுமாம். வாடை எங்க இருந்து வரும்? காய்ச்சல் வந்து போயிருமாம், கடைசியில ஜில்லுன்னுதான் இருக்குமாம்."

"ம்."

"முதலாளிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா ஊரே கேக்கும்."

அவர் நம்பிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நம்பாமல் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஏட்டி, எனக்கு எம்பது ஆச்சு. இன்னமும் எவன் குட்டி வாங்க வந்தாலும் என்னையக் கொண்டுபோய் நிறுத்தித்தான் வாங்குதான். மூக்கு தப்பிப்போச்சுன்னு நானே சொன்னா நாளைக்கு எவன் வருவான்? நீ பொம்பள. நாலு பிள்ளைக இருக்காக. வீட்டோட இருந்துக்கிட்டா ஆச்சு."

"உங்க மூக்கைக் காப்பாத்த என் கையை வெட்டித் தரணுமாக்கும்."

"வெட்டவா சொன்னேன்? பேசாம இருன்னுதானே சொல்லுதேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

அவர் வீட்டில் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். தொடாமல் எழுந்து வந்தேன். அந்த வாசலை அதன்பிறகு நான் மிதிக்கவில்லை. போன வருஷம் அவர் காலமானபோதும் போகவில்லை. போகாதது தப்பு என்று என் மூத்த மகன் சொன்னான். இருக்கட்டும்.

வேறு வேலை தேடினேன். வத்திராயிருப்பு ரோட்டில் ஒரு ஷெட்டுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அந்த வீட்டு அம்மா என் கையைப் பார்த்தே நான் வேலை தெரிந்தவள் என்று புரிந்துகொண்டார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஊரைக் கேட்டார், பழைய இடத்தைக் கேட்டார்.

"அந்தப் பினாயில் ஆச்சி நீங்கதானா?"

இரண்டு கோடுகளைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மாவின் பெயரைச் சொல்லி, போன் போட்டுக் கேளுங்கள் என்றேன்.

"இருக்கட்டும் ஆச்சி. நீங்க சொல்றது நெசமாக்கூட இருக்கும். எங்களுக்கு எதுக்கு வம்பு?"

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதாக நந்தினி மேலே எங்கேயோ எழுதியிருந்தாள். அடிக்கச் சொல்லிவிட்டேன். ஓய்வு நான் எடுத்ததில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் முதலாளி பைக்கில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். புதிதாக வாங்கிவிட்ட குட்டிகளில் இரண்டு செத்துவிட்டனவாம். தரையை அவர் சரியாகக் கழுவவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் ஏன் என்று ஆட்கள் கேட்பார்களே. என் இடத்தில் ஒரு சின்னப் பெண்ணை வைத்திருந்தார்.

"ஒரு குட்டி தண்ணிக் கிண்ணத்துகிட்ட தலையத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கு ஆச்சி" என்றார்.

"தண்ணியில யாரு என்ன கலந்தா?"

அவர் வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழசைக் கிளறாதீக ஆச்சி. வந்து ஒரு பார்வை பாருங்க. என்ன கேட்டாலும் செய்தேன்."

"ஒண்ணும் வேண்டாம். என்னையப் பேசினீகளே, அதே எடம், அதே ஆளுக. பினாயில் இல்ல, வைரசுன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. இப்பமே பின்னாடி ஏறி உக்காருதேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு ஆச்சி? எல்லாரும் மறந்துட்டாக."

"நான் மறக்கலையே."

வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அந்தச் சின்னப் பெண் ஞாபகம் வந்தது. வாளி மாறிப்போச்சா என்று அவளையும் கேட்பார்கள். குட்டிகளும் பாவம், அதுகள் என்னை ஒன்றும் பேசவில்லை. வண்டியின் சாவியில் கை வைத்து அணைத்தேன்.

"கேளுங்க. உக்காந்திருக்கிற குட்டியை இப்பமே டாக்டரம்மாட்ட கொண்டுபோங்க, செத்தபிறகு இல்ல. மத்ததை ஒவ்வொண்ணாப் பிரிங்க. துணியை அலசாதீக, எரிங்க. பிளீச்சிங் பவுடர். ஒரு கூண்டுல கை வச்சவுக அடுத்த கூண்டுல வைக்கக்கூடாது. அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை பேசாதீக. பேசினீகன்னு கேள்விப்பட்டா, நான் இந்தத் தெருவுல மட்டும் பேசமாட்டேன்."

அவர் போனார். டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார். சில குட்டிகள் பிழைத்தன. அந்தப் பெண்ணை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். இதை வாசிக்கும் உங்களில் ஒருத்தி அவள். நல்லா இரு.

நீ அன்றைக்குப் போயிருந்தால் இன்னும் இரண்டு பிழைத்திருக்குமே என்று சிலர் கேட்டார்கள். பிழைத்திருக்கலாம். போயிருந்தால், தப்பு செய்தவள் திரும்பி வந்து திருத்துகிறாள் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, வேலைக்குச் சேரும் முதல் நாளே கேளுங்கள்: தாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, குட்டிகளுக்கு எப்போது போடுவீர்கள்? கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வெளியிலிருந்து வரும் எந்தப் பூனையையும் நேராக உள்ளே விடாதீர்கள். ஓடி விளையாடிய குட்டி ஒரே ராத்திரியில் செத்துக் கிடந்தால், பேதி இல்லை, காய்ச்சல் இல்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். பூனை தண்ணீர் முன் குந்தினால் தண்ணீரைப் பார்க்காதீர்கள், பூனையைப் பாருங்கள். இரண்டாவது கோடு வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. குட்டி செத்தால் முதலில் தரை கழுவியவளைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சத்தியம் செய்யாதீர்கள், அழாதீர்கள், என்னைப்போலக் கிண்ணத்தைத் தூக்காதீர்கள். உயிரோடு இருக்கும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் செத்ததை ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள். டாக்டர் சொல்வதை நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், கூட இரண்டு பேரை வைத்துக்கொண்டு கேளுங்கள். அதை நான் செய்யவில்லை. எனக்கும் டாக்டரம்மாவுக்கும் தெரிந்த உண்மை, அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி ஊருக்குள் வரவில்லை.

சொல்லி முடித்துவிட்டேன். நந்தினி பேனாவை மூடாமல் என்னைப் பார்க்கிறாள்.

"அப்பத்தா, பெரியவர்தான் செத்துப்போயிட்டாருல்ல. அவரு பேசினதை மட்டும் எடுத்துரவா?"

"எடுக்காத. எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவருதான், சொல்லாம விட்டதும் அவருதான். ரெண்டும் இருக்கட்டும்."

"சரி. வாசிக்கட்டுமா?"

"மொதல்ல இருந்து வாசி. கதவைச் சாத்தாத, தொறந்தே இருக்கட்டும். பினாயில் ஊத்தலைன்னு நான் சொன்ன எடம் வரும்ல, அதை மட்டும் நல்லாச் சத்தமா வாசி தாயி. தெருவுல போறவுகளுக்கும் கேக்கட்டும்."